மாவு ஓட்டுக்குள் பதினோரு மாதம்

எனக்கு வந்த நோய்க்கு முதுகெலும்புக் காசம் என்று பெயர். காசம் என்றால் இருமலும் ரத்தமும் நெஞ்சும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள்கூட இருமவில்லை. முதுகு வலிக்கிறது என்று போனவன் பதினோரு மாதம் மல்லாந்து கிடந்தேன். எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் இப்போது யாருக்காவது முதுகு வலித்தால் என்னிடம் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன். வாயால் சொல்லும்போது நோயை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். எழுத உட்கார்ந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஏகாம்பரம். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஏலக்கடையில் சாமான் தூக்குகிற வேலை. வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போன வருஷங்களில் பங்களா பங்களாவாகப் போய்ப் பீரோவும் கட்டிலும் பியானோவும் இறக்கிக்கொண்டு வந்தோம். நாலு பேர் தூக்குவதை இரண்டு பேராகத் தூக்குவோம். அதில் ஒருவன் எப்போதும் நான். அதற்காக முதலாளி தனியாக ஏதும் கொடுத்ததில்லை. ஆனால் வாடிக்கைக்காரர்கள் முன்னால் “ஏகாம்பரத்தைக் கூப்பிடு” என்பார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீடு ஒரே அறை. நானும் என் பெண்சாதி தனமும் மகள் விமலாவும். சாகும்வரை என் அண்ணனும் எங்களோடுதான் இருந்தார். விமலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது தனம் ஒருமுறை கேட்டாள், “எதிர் வூட்டு அஞ்சல காபிக்கொட்டை ஃபாக்டரிக்குப் போவுது மாமா. நானும் போவட்டா?” நான் உயிரோடு இருக்கிறவரை அவள் வாசலைத் தாண்டிச் சம்பாதிக்க வேண்டியதில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

வலி ஆரம்பித்தபோது பியானோ தூக்கினதில் சுளுக்கு என்று நினைத்தேன். அல்சூரில் எலும்பு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். மாதக்கணக்கில் நீவினேன். சாயங்காலமானால் லேசாக ஜுரம் அடிக்கும். உடம்பு இளைத்தது. ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிட்ட தனம் கையை எடுத்துவிட்டு, “இங்க ஒரு எலும்பு துருத்தினு கீது மாமா” என்றாள். அதையும் விட்டுவிட்டேன். கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது ஒரு செருப்பு. நடந்துகொண்டே இருக்கிறேன், பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டு, “செருப்ப விட்டுட்டுப் போறியேப்பா” என்கிறார். திரும்பிப் பார்த்தால் இடது செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. காலிலிருந்து கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் பதினொன்றுக்கு டாக்டரைப் பார்க்கலாம். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் எடுத்தார்கள். அதைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்களாம். வேகமாக இறங்கினால் உடம்புக்குள் நோய் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கல் போட்டதுபோல இறங்கியதாம். பிறகு எக்ஸ்ரே. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுக்கி வைத்த முதுகெலும்புகளில் இரண்டு மட்டும் ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு நிழல். அது சீழ். காசத்துச் சீழ் சுடாது, சிவக்காது. உள்ளேயே சத்தமில்லாமல் சேர்ந்து, முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத்தண்டை நெருக்கும். செருப்பு கழன்றது அதனால்தான்.

“மனேல்லி யாரிகாதரூ கெம்மு இத்தா?” என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். வீட்டில் யாருக்காவது இருமல் இருந்ததா என்று.

அண்ணனைச் சொன்னேன். எத்தனை பேர், எத்தனை அறை, ஜன்னல் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் முட்டையோ பாலோ சாப்பிடுகிறாய் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். முதுகைப் பற்றிக் கேட்கவந்தவர் என் வீட்டையே எக்ஸ்ரே எடுப்பதுபோல இருந்தது. கடைசியில் தனத்தையும் மகளையும் கூட்டிவந்து படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் வருகிறவரை இரண்டு நாள் நான் தண்ணீர் தவிர எதுவும் இறக்கவில்லை. விமலாவுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். தனத்துக்கும் ஒன்றுமில்லை. என் நோய்க்கு அன்றைக்குத்தான் அழுதேன்.

இனி மாவு ஓடு. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டு எல்லோருக்கும் தெரியும். எனக்குப் போட்டது கட்டு இல்லை. குப்புறப் படுக்கவைத்து, தலையிலிருந்து தொடைவரை ஈர மாவுத்துணியை அடுக்கடுக்காகப் போட்டு, என் முதுகின் வடிவத்திலேயே ஒரு தொட்டி செய்தார்கள். காய்ந்ததும் அதற்குள் என்னை மல்லாத்தி வாரால் கட்டினார்கள். கரைந்த எலும்பு அசையாமல் கிடந்தால்தான் மறுபடி கூடும். முன்பக்கத்துக்கும் அப்படியே ஒரு மூடி இருந்தது. காலையும் மாலையும் அந்த மூடியைப் போட்டு, நாலு பேர் சேர்ந்து என்னைத் தோசை திருப்புவதுபோலத் திருப்பி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு மறுபடி மல்லாத்துவார்கள். உட்காரக் கூடாது. ஒருக்களிக்கக் கூடாது. எட்டு மாதம் என்றார்கள். சோறு, தண்ணீர், மலம், சிறுநீர் எல்லாம் அப்படியே.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது காதுக்குள் ஒரு வண்டை விட்டதுபோல ரீங்காரம் கொடுக்கும். பாஸ் என்று ஒரு தூள், கைப்பிடி கைப்பிடியாக விழுங்க வேண்டும். வாயெல்லாம் கசந்து, சோற்றைப் பார்த்தாலே குமட்டும். புதிதாக வந்த சின்ன வெள்ளை மாத்திரைகள்தான் மூன்றிலும் சாதுவானவை.

பக்கத்துக் கட்டிலில் பாஷா பாய். ஜட்கா ஓட்டுகிறவர், சிவாஜி நகர்ப் பக்கம். அவருக்கு அதே நோய் இடுப்பு மூட்டில். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவு. “குதிரைக்குக் கால் போனா சுட்டுடுவாங்க ஏகாம்பரம். நம்மள சோறு போட்டு வெச்சிகிறாங்களே, அதுக்கு அல்லாவுக்கு ஷுக்ர் சொல்லு” என்பார். வார்டைப் பார்க்க எனக்கு ஒரு முகக்கண்ணாடித் துண்டு கொடுத்தவர் அவர்தான். அதற்குமுன் என் உலகம் ஒரு கூரையும் ஒரு மின்விசிறியும்தான். அந்தக் கூரையில் இருந்த விரிசல்களை இப்போதும் என்னால் வரைந்துகாட்ட முடியும். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விமலா வெளியே வேப்பமரத்தடியில் நிற்பாள். கண்ணாடியைச் சாய்த்து ஜன்னல் வழியாக அவளைப் பிடிப்பேன். அவளுக்கு என் முகம் தெரியாது. கண்ணாடியின் பளிச்சென்ற ஒளி மட்டும் தெரியும். அதைப் பார்த்துக் கை ஆட்டுவாள்.

தனம் முதலில் தினமும் வந்தாள். இரண்டாவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். “பஸ்ஸு கெடைக்கல மாமா” என்பாள். ஊசி மருந்து கொஞ்சநாள் ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியே வாங்கவேண்டி வந்தது. தவறாமல் கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுத்தாள். அவளுடைய அண்ணன் உதவுவதாகச் சொன்னாள். அவள் குனிந்து எனக்குக் கஞ்சி ஊட்டும்போது புடவையில் ஒரு வாசனை வரும், கோணிப்பையும் காய்ந்த புல்லும் கலந்ததுபோல. ரேஷன் மூட்டைக்குப் பக்கத்தில் துணி மடித்துவைத்ததாகச் சொன்னாள். நம்பினேன். படுத்துக் கிடப்பவனுக்கு நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒரு பெண்மணி கையில் ஃபாரங்களோடு வந்து என் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தார். நோயாளிகளின் வீட்டு நிலைமையை எழுதுகிறவராம். வார்டில் அவரை ஃபாரம் அம்மா என்பார்கள். வாடகை வீடா, குழாய் எத்தனை வீட்டுக்குப் பொது, எதுவரை படித்தேன், கஷ்டம் என்றால் போய்ச் சொல்ல யாராவது இருக்கிறார்களா. எல்லாம் கேட்டுவிட்டு, “மொத்தத்துல உங்க வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா? ஆமா, இல்லை, சுமார்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாவுக்குள் சிரித்தால் விலா வலிக்கும். “நான் நடப்பனா மாட்டனான்னு நீங்க மொதல்ல சொல்லுங்கம்மா. அப்பறம் நான் சொல்றேன்.”

“நோய்க்கு முந்தி?”

“முந்தி திருப்திதான். எனக்கும் சரி, என் வூட்டுக்கும் சரி. இன்னா கொறச்சல்?”

அவர் எழுதிக்கொண்டே, “வீட்டுல சம்பாதிக்கறவங்க இப்போ ஒருத்தர், உங்க மனைவி. காபி ஃபாக்டரி. சரிதானே?” என்றார்.

“தப்பா எழுதினு கீறீங்க. என் பொண்டாட்டி வேலைக்குப் போவல.”

அவர் பேனாவை நிறுத்தினார். “போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்களே சொன்னாங்களே.” பிறகு என் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர்போல ஃபாரங்களை அடுக்கிக்கொண்டார்.

“அவகிட்டயும் இந்தக் கேள்வி கேட்டீங்களா? திருப்தியான்னு?”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னா?”

“அத நான் சொல்லக் கூடாதுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தால் மனிதன் எழுந்து நடப்பான், கதவைச் சாத்துவான், வெளியே போய் ஒரு பீடி பற்றவைப்பான். எனக்குக் கோபத்தை வைக்க இடமில்லை. அது என்னோடு அந்த ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. கடையில் யாரெல்லாம் பார்த்திருப்பார்கள், தெருவில் என்ன பேசுவார்கள், இத்தனை மாதமாக என் முகத்துக்கு நேரே எப்படிப் பொய் சொன்னாள். பாஷா பாய் காதில் எல்லாம் விழுந்திருந்தது. “சோத்துக்கு வேணும்ல ஏகாம்பரம்” என்றார். அவரோடும் பேச்சை நிறுத்தினேன்.

சனிக்கிழமை விடிந்ததும், ஆயா தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்து வார்களை அவிழ்த்தேன். வீட்டுக்குப் போவதுதான் எண்ணம். எப்படிப் போவேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தேன். ஒரு கணம் வார்டு முழுவதும் நேராகத் தெரிந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறை. அடுத்த கணம் முதுகில் ஏதோ இடிந்ததுபோல ஒரு வலி, கூடவே இரண்டு கால்களும் தொலைந்துபோயின. இருந்தன, பார்த்தேன். ஆனால் என்னுடையவையாக இல்லை.

பாஷா பாய் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். “ஏளபேடி! ஏளபேடி!” என்று ஆயா அலறினாள், எழுந்திருக்காதே என்று. சிஸ்டர் ஆங்கிலோ-இந்தியப் பெண், என் அம்மாவின் வயது இருக்கும். என்னை ஓட்டுக்குள் இறக்கி வாரைக் கட்டிக்கொண்டே, “ஃபூல், ஃபூல்” என்று திட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. டாக்டர் ஒரு ஊசியால் காலைக் குத்திக் குத்திக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பெரிய ஊசியை முதுகின் பக்கவாட்டில் இறக்கிச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். உணர்ச்சி திரும்பினால் திரும்பும், இன்னும் மூன்று மாதம் கூடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தனம் வந்தபோது சிஸ்டர் வாசலிலேயே எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அவள் என் தலைமாட்டில் வந்து நின்றாள். நான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

“எவ்ளோ நாளா?” என்றேன்.

“இன்னா எவ்ளோ நாளா?”

“தெரியாத மாதிரி கேக்காத. காபி ஃபாக்டரி.”

“நீ படுத்த ரெண்டாம் மாசத்துலேருந்து. அஞ்சலதான் இட்டுனு போய் சேத்துவுட்டுது.”

“உங்கண்ணன் குடுக்கறான்னு சொன்னியே.”

“எங்கண்ணனுக்கு அஞ்சு புள்ளிங்க. அது எங்கேருந்து குடுக்கும்? ஊசி வாங்கினு வான்னு சீட்டக் கையில குடுத்துட்டாங்க. நான் யாருகிட்ட போவேன் மாமா?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? நேத்து பண்ண பாரு, அத அன்னிக்கே பண்ணியிருப்ப.”

நான் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. “அந்த ஃபாரம் அம்மாகிட்ட திருப்தியான்னதுக்கு இன்னா சொன்ன?”

“வுடு மாமா.”

“சொல்லு.”

“நெஜத்தச் சொல்லட்டா?”

“சொல்லு.”

“முந்தி இல்ல, இப்போ இருக்குதுன்னு சொன்னேன்.”

“நான் இங்க பொணமாட்டம் கெடக்கறது உனக்குத் திருப்தியா?” என்று கத்தினேன். என்னால் எழுந்து போக முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. கண்ணை மூடிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மூடிக்கொண்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு என் காதருகே உட்கார்ந்து சொன்னாள்.

“நீ கெடக்கறது இல்ல மாமா. காலைல வெளிய வரேன். ஏரிக்கரையோரம் பத்துப் பொம்பளைங்க பேசினே நடக்கறோம். உள்ள போனா பெல்ட்டுல கொட்டை ஓடும். கருப்பு, ஒடஞ்சது, பூச்சி அரிச்சது எல்லாத்தையும் பொறுக்கி எடுக்கணும். எங்கையி வேகமா போவுதுன்னு மேஸ்திரி என்ன மொத வரிசைல ஒக்கார வெச்சிகிறான். தனம்னு கூப்புடறான். கல்யாணம் ஆனதுலேருந்து எம்பேரச் சொல்லி யாரு கூப்ட்டா? ஏகாம்பரம் பொண்டாட்டி, விமலா அம்மா. அந்த ரூம்புல பொழுதன்னிக்கும் ஒக்காந்துனு, உங்கண்ணன் இருமறதையும் சொவுத்தையும் பாத்துனு இருந்தேனே, அப்போ நீ கேட்டியா திருப்தியான்னு? சாயந்தரம் வூட்டுக்கு வந்தா ஒன்ன நெனச்சு அழுவறேன். அதுவும் நெஜம், இதுவும் நெஜம். அந்தம்மா ஏதாச்சும் ஒண்ணுலதான் கோடு போட முடியும்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?”

மல்லாந்து படுத்தவன் அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும். அவள் முந்தானை நுனியை முறுக்கி என் காதுகளைத் துடைத்தாள். அந்தக் கோணிப்பை வாசனை அடித்தது. அது பச்சைக் காபிக்கொட்டையின் வாசனை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே மனம் மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். அடுத்த இரண்டு ஞாயிறு நான் அவளோடு பேசவில்லை. அவள் வந்தாள், ஊட்டினாள், ஃபாக்டரிக் கதையை யாருக்கோ சொல்வதுபோலப் பாஷா பாய்க்குச் சொன்னாள். அவர் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்வாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். மூன்றாவது ஞாயிறு, “பூச்சி அரிச்ச கொட்டைய எப்படிக் கண்டுபிடிக்கற?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கும் என்றாள். அந்த வாரம்தான் என் வலதுகால் பெருவிரலில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு வந்தது. எறும்பேதான். ஆயா தட்டிவிட வந்தாள். நான் வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

பாஷா பாய் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். மூட்டு இறுகிவிட்டது. இனி ஜட்காவில் கால் மடக்கி உட்கார முடியாது. குதிரையை விற்கச் சொல்லித் தம்பியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். போகும்போது என் ஓட்டை விரல் கணுவால் தட்டி, “உள்ள யாரு?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பதினோராவது மாதம் தோலும் இரும்புப் பட்டையுமாக ஒரு இடுப்புச் சட்டம் மாட்டி என்னை நிற்கவைத்தார்கள். கால்கள் விறகுக் குச்சிபோல இருந்தன. தரை வெகு தூரத்தில் இருந்தது. சட்டத்தை இரண்டு வருஷம் கழற்றக் கூடாது, கனம் இனி எப்போதும் தூக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் நட என்று அனுப்பினார்கள். ஏலக்கடை முதலாளி வீட்டுக்கே வந்து பார்த்தார். ஏல நாட்களில் வந்து சாமான்களுக்குச் சீட்டு ஒட்டித் தரச் சொன்னார். மாதத்தில் நாலைந்து நாள் அது.

மிச்ச நாள் வீடு. தனம் விடிகாலையில் போவாள், விமலா பள்ளிக்கூடம் போவாள், நான் சட்டத்துக்குள் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சொன்னாரென்று தனம் வீட்டுச் சொந்தக்காரரிடம் மன்றாடி, நான் இல்லாதபோதே ஒரு ஜன்னல் வைத்திருந்தாள். அதில் பார்த்தால் அடுத்த வீட்டுச் சுவர். காலையில் அதில் கொஞ்சம் வெயில் விழும், பத்து மணிக்குப் போய்விடும். அதற்குப்பிறகு சாயங்காலம்வரை அந்த அறைக்குள் எதுவும் நடக்காது. உலை வைத்தேன், பாத்திரம் துலக்கினேன், மறுபடி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலாவது பாஷா பாய் இருந்தார். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு மூச்சு முட்டியது. இதே இடத்தில், இதே சுவரோடு, ஜன்னல்கூட இல்லாமல், அவள் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிமுடிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஃபாக்டரிவரை நடக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. சங்கு ஊதியதும் பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். தலையில் கட்டின துணியை அவிழ்த்து உதறிக்கொண்டு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கத்திக்கொண்டு. தனம் நடுவில் வந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. நான் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“இன்னா மாமா? விமலாவுக்கு இன்னா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல. நடக்கச் சொன்னாங்கல்ல, நடந்தேன்.”

“இவ்ளோ தூரமா?”

“வூட்ல இருக்க முடியல தனம்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் முன்னால் போன பெண்கள் நின்று, “தனம், வரலியா? இருட்டப் போவுது” என்று குரல் கொடுத்தார்கள்.

“நீங்க போங்கக்கா” என்றாள் அவள், என் கைக்குக் கீழே தோளைக் கொடுத்துக்கொண்டு. “நாங்க மெதுவா வரோம்.”